கடலடியில் ஒரு களஞ்சியம்: கடற்புற்கள் புதைத்து வைக்கும் காபன்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் முதலாம் திகதி உலக கடற்புல் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. இத்தினத்தைப் பிரகடனப்படுத்துவதற்கான பிரேரணையை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் முன்வைத்த நாடு இலங்கை என்பது எம்மில் பலர் அறியாத செய்தியாகும். 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில், எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் காத்துநின்ற வேளையிலேயே அப்பிரேரணை நியூயோர்க்கில் நிறைவேறியது. அன்றைய நெருக்கடியில் அது எவரது கவனத்தையும் ஈர்க்காமற் போனதில் வியப்பில்லை. ஆனால் நெருக்கடி தணிந்த பின்னரும், உலகுக்கு நாம் பரிந்துரைத்த அந்தப் புல் எமது கடலில் எந்த நிலையில் இருக்கின்றது என்ற கேள்வியை நாம் எமக்குள் எழுப்பிக்கொள்ளவில்லை.

கரையோரத்தில் வாழ்பவர்களுக்குக் கடற்புல் புதியதன்று. காற்று மாறும் காலங்களில் கரையில் குவியல் குவியலாக ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் அந்த நாடாப் போன்ற இலைகளைத் தாழை என்றும் சாதாளை என்றும் எமது மக்கள் அழைப்பர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளில் அதனை அள்ளிச் சென்று தோட்டங்களுக்குப் பசளையாக இட்ட வழக்கமும் உண்டு. வலையில் சிக்கும்போது தொல்லையாகவும் கரையில் ஒதுங்கும்போது குப்பையாகவும் தென்படுகின்ற இத்தாவரம், காலநிலை மாற்றத்தைப் பற்றிய விவாதத்தில் இன்று முக்கிய இடம் ஒன்றைப் பெற்றிருக்கின்றது. அது வளரும் சேற்றில் நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளாகத் திரண்ட காபன் புதைந்து கிடப்பதே அதற்குக் காரணம்.

புல்லா, பாசியா?

கடற்புல்லைப் பாசி என எண்ணுவது பொதுவான தவறாகும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லோ வேர், தண்டு, இலை, பூ, காய், விதை யாவும் கொண்ட பூக்குந் தாவரமாகும். தரையில் வாழ்ந்த அதன் மூதாதைத் தாவரங்கள் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் கடலுக்குள் இறங்கி, உப்பு நீரிலேயே வாழ்ந்து, நீருக்கடியிலேயே மகரந்தச் சேர்க்கை நடத்தப் பழகிக்கொண்டன. உலகில் ஏறத்தாழ 70 இனங்களே உள்ளன. பூக்குந் தாவர இனங்கள் இலட்சக் கணக்கில் இருப்பதை நோக்க இது மிகச் சிறிய எண்ணிக்கையாகும். எனினும் அந்தாட்டிக்கா தவிர்ந்த ஏனைய கண்டங்கள் அனைத்தினதும் கரைகளில், 150 இற்கும் மேற்பட்ட நாடுகளில் அவை காணப்படுகின்றன.

கடற்புல் தழைப்பதற்கு ஆழம் குறைந்த, அலைவேகம் தணிந்த, தெளிந்த நீர் தேவை. கடலின் மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்திலொரு பங்காவது அதன் இலைகளைச் சென்றடைய வேண்டும். இலங்கையின் வடமேற்கு, வடக்குக் கடல்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. புத்தளம் களப்பு, அதன் வடபுறத்தே கற்பிட்டியை அண்டிய குடாக்கள், மன்னார்த் தீவைச் சூழ்ந்த கடல், விடத்தல்தீவுக் கரை, பாக்கு விரிகுடா, யாழ்ப்பாணக் கடல்நீரேரி, தீவுகளுக்கிடையேயான ஆழமற்ற பரப்புக்கள் ஆகியவற்றில் கடற்புல் படுகைகள் விரிந்து கிடக்கின்றன. கிழக்கிலும் திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் அவை உண்டு. பாக்கு விரிகுடாவின் மறுகரையில் இருப்பவையோ இந்தியாவின் மிகப்பெரிய கடற்புல் பரப்புக்களுள் அடங்குவன. இரண்டு நாடுகள் எல்லைக்கோடு வரைந்து பிரித்துக்கொண்ட இந்தக் கடல், அடித்தளத்தில் ஒரே மேய்ச்சல் நிலமாகும்.

மேய்ச்சல் நிலம் என்பது வெறும் உவமையன்று. ஆவுளியா எனக் கடற்றொழிலாளர் அழைக்கும் கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரையான கடற்புல்லை மேய்ந்து வாழ்கின்றது. பச்சை ஆமைக்கும் ஒரா மீனுக்கும் அதுவே உணவு. இறால், நண்டு, கணவாய், கடலட்டை ஆகியவற்றின் இளம் பருவம் அப்புற்களின் மறைவிலேயே கழிகின்றது.

காபன் புதையும் விதம்

தரைத் தாவரங்களைப் போலவே கடற்புல்லும் ஒளித்தொகுப்பின் மூலம் தனது உணவைத் தயாரிக்கின்றது. நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டையும் இருகாபனேற்றையும் உள்வாங்கி அதனை இலையாகவும் தண்டாகவும் வேராகவும் மாற்றுகின்றது. நீர் இழந்த காபனை ஈடுசெய்ய வளிமண்டலத்திலிருந்து மேலும் காபனீரொட்சைட்டு கடலில் கரைகின்றது. எனினும் இலையாக மாறிய காபன் அனைத்தும் சேமிக்கப்பட்டுவிடுவதில்லை. பெரும்பகுதி உண்ணப்பட்டும் அழுகியும் மீண்டும் நீரைச் சேர்ந்துவிடும். சேமிப்பு நடைபெறும் இடம் இலையன்று, சேறு.

இச்சேமிப்பு இரு வழிகளில் நிகழ்கின்றது. முதலாவது, தாவரத்தின் சொந்த உடல். கடற்புல்லின் வேரும், கிடையாகப் படரும் வேர்த்தண்டும் சேற்றுக்குள்ளேயே வளர்ந்து சேற்றுக்குள்ளேயே இறக்கின்றன. எனவே அவற்றிலுள்ள காபன் புதைக்கப்பட வேண்டிய தேவையே இல்லை. அது புதைந்த நிலையிலேயே உருவாகின்றது.

இரண்டாவது, பொறி வைத்துப் பிடித்தல். அடர்த்தியாக நிற்கும் இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த நீரிலிருந்து மிதக்கும் நுண்துகள்கள் கீழே படிகின்றன. வெள்ளப்பெருக்கு அடித்துவரும் வண்டல், கண்டல் காட்டிலிருந்து வரும் இலைத்துகள்கள், இறந்த மிதவை நுண்ணுயிர்கள் யாவும் இவ்வாறு படுகையில் சிக்குகின்றன. படிந்ததை அலை மீண்டும் கிளறிவிடாதவாறு வேர்ப்பின்னல் இறுகப் பற்றிக்கொள்கின்றது. பல நாடுகளின் படுகைகளை ஒப்பிட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்று, சேற்றிலுள்ள சேதனக் காபனில் ஏறத்தாழ அரைப்பங்கே கடற்புல்லின் சொந்த ஆக்கம் எனவும் மிகுதி வெளியிலிருந்து வந்து சேர்ந்தது எனவும் கண்டறிந்தது. ஆகவே கடற்புல் தான் விளைவித்ததை மாத்திரமன்றி அயலார் விளைவித்ததையும் சேர்த்துக் காக்கும் களஞ்சியமாகும்.

சேற்றில் புதைந்தது ஏன் விரைவில் அழுகுவதில்லை? தரையில் விழும் சருகு காற்றோட்டம் இருப்பதால் சில மாதங்களில் மக்கிவிடுகின்றது. கடற்புல் படுகையிலோ ஒட்சிசன் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீற்றர் அளவிலேயே தங்குகின்றது. அதற்குக் கீழே ஒட்சிசன் இல்லை. அங்குள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்திச் சேதனப் பொருளைச் சிதைக்கின்றன. அது மிக மெதுவான தொழிற்பாடு. களப்புச் சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் இதன் விளைவேயாகும். சல்பேற்று மிகுந்திருப்பதால் நன்னீர்ச் சதுப்புக்களிற் போன்று மெதேன் வாயு பெருமளவில் உருவாவதும் தடைப்படுகின்றது. வேரும் வேர்த்தண்டும் நார்த்தன்மை மிக்கவை, நைதரசன் குறைந்தவை என்பதால் நுண்ணுயிர்களுக்கும் அவை விருப்பமான உணவல்ல.

இன்னுமொரு சிறப்பும் உண்டு. காட்டு மண் ஓரளவு காபனைச் சேர்த்ததும் நிறைவுநிலையை அடைந்துவிடுகின்றது. கடற்புல் படுகையோ வண்டல் படியப் படிய உயர்ந்துகொண்டே செல்கின்றது. பழைய படை கீழே அமிழ, அதன்மீது புதிய படை சேர்கின்றது. மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்னும் இனம் இவ்வாறு பல மீற்றர் தடிப்பான படுகைகளை அமைத்துள்ளது. அவற்றின் அடிப்பகுதி பல ஆயிரம் ஆண்டுகள் பழைமையானது. கடலுக்கடியில் தீ பரவுவதில்லை என்பதால் காட்டுத்தீயால் காபன் வெளியேறும் அபாயமும் இங்கு இல்லை.

எண்களும் எச்சரிக்கையும்

கடல்சார் சூழல்களில் சேரும் இத்தகைய காபனுக்கு 'நீலக் காபன்' என்னும் பெயரை ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை பரவலாக்கியது. கடற்தளத்தின் 0.2 வீதத்திலும் குறைவான பரப்பையே கொண்டுள்ள கடற்புற்கள், கடலடி வண்டலில் ஆண்டுதோறும் புதையும் சேதனக் காபனில் ஏறத்தாழ 10 வீதத்துக்கோ அதற்கு மேலாகவோ காரணமாக இருக்கின்றன என மதிப்பிடப்பட்டுள்ளது.

'மழைக்காடுகளைக் காட்டிலும் 35 மடங்கு வேகமாகக் காபனைச் சேர்க்கும் தாவரம்' என்ற தலைப்பை வாசகர்கள் எங்கேனும் கண்டிருக்கலாம். இக்கூற்றை அவ்வாறே எடுத்துக்கொள்வது தவறு. கடற்புல் படுகையின் ஒரு சதுர மீற்றரில் ஆண்டுக்குச் சராசரியாக 138 கிராம் காபன் புதைவதாகவும், அயனமண்டலக் காட்டின் மண்ணில் ஏறத்தாழ 4 கிராம் மாத்திரமே சேர்வதாகவும் 2011 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று குறிப்பிட்டது. ஒப்பீடு மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையிலானது. காடு தனது காபனின் பெரும்பகுதியை அடிமரத்திலும் கிளையிலும் வைத்திருக்கின்றது. அது இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஏற்கனவே சேர்ந்துள்ள இருப்பைப் பொறுத்தவரை, 2012 ஆம் ஆண்டு 'நேச்சர் ஜியோசயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு முக்கியமானது. உலகின் கடற்புல் படுகைகளில், மேல் ஒரு மீற்றர் சேற்றில் மாத்திரம், எச்சரிக்கையான கணக்கின்படியே 4.2 முதல் 8.4 பில்லியன் தொன் வரையான சேதனக் காபன் இருப்பதாக அது மதிப்பிட்டது. ஒரு ஹெக்டெயருக்கான சராசரி ஏறத்தாழ 330 தொன். ஆனால் இடையப் பெறுமானம் 140 தொன் மட்டுமே. சராசரிக்கும் இடையத்துக்கும் இவ்வளவு வேறுபாடு ஏற்படக் காரணம், மத்தியதரைக் கடலின் தடித்த படுகைகள் போன்ற ஒருசில இடங்கள் சராசரியை மேலே இழுத்தமையாகும். அமைதியான களப்பின் களிச்சேறு அதிகம் சேமிக்கும்; அலை மோதும் மணற்பாங்கான கரை குறைவாகவே சேமிக்கும். நீண்டு தடித்த வேர்த்தண்டுள்ள இனங்கள் சேர்ப்பதைச் சிறிய இலையுள்ள இனங்கள் சேர்ப்பதில்லை. எனவே வேறொரு கடலின் எண்ணை எடுத்து எமது கடலின் பரப்பளவால் பெருக்கி ஒரு தொகையை அறிவிப்பது ஆய்வாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியமானது. பவளப்பாறைகளை அண்டிய வெப்பமண்டலப் படுகைகளில் சிப்பிகளும் சில பாசிகளும் சுண்ணாம்பை, அதாவது கல்சியம் காபனேற்றை உருவாக்குகின்றன. சுண்ணாம்பு உருவாகும் இரசாயனத் தாக்கத்தின்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. சேதனக் காபன் புதைவதால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பகுதியை, சில இடங்களில் பெரும்பகுதியை, இது கழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உலகின் கடற்புற்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்குப் புதைக்கும் காபன் 27 முதல் 112 மில்லியன் தொன் வரை எனப் பல்வேறு மதிப்பீடுகள் கூறுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் மனித குலம் ஆண்டுதோறும் வெளியேற்றும் காபனோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஒரு வீதம் அல்லது அதிலும் குறைவு. புகைபோக்கிகளிலிருந்து வெளியேறும் புகையைக் கடற்புல் விழுங்கிவிடும் என எவரேனும் கூறினால் அது உண்மையல்ல.

அவ்வாறாயின் கடற்புல்லின் முக்கியத்துவம்தான் என்ன? களஞ்சியத்துக்கு இவ்வாண்டு எத்தனை மூடை புதிதாக வந்தது என்பதைவிட, தலைமுறை தலைமுறையாக அங்கு சேர்ந்திருப்பவை பத்திரமாக உள்ளனவா என்பதே பெரிய கேள்வி. மேலே குறிப்பிட்ட 2012 ஆம் ஆண்டு ஆய்வு, படுகைகள் அழிந்துவரும் வேகத்தில், அவற்றிலுள்ள காபன் முழுவதும் சிதைவடைந்தால் ஆண்டுக்கு 299 மில்லியன் தொன் வரை வெளியேறக்கூடும் எனக் கணித்தது. இது உச்ச வரம்பேயாயினும், உலகின் படுகைகள் ஓராண்டில் புதைப்பதாக மதிப்பிடப்பட்ட அளவைவிட இரு மடங்குக்கும் அதிகமாகும்.

களஞ்சியம் உடையும்போது

மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் குடா இதற்கு நேரடியான சாட்சி. உலக மரபுரிமைப் பிரதேசமான அக்குடாவில் உலகின் மிகப் பரந்த கடற்புல் படுகைகளுள் ஒன்று உள்ளது. 2010 ஆம் ஆண்டு இறுதியிலும் 2011 இன் தொடக்கத்திலும் வீசிய கடல் வெப்ப அலையினால் அங்கு நீரின் வெப்பநிலை வழமையைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அதன் விளைவாகப் படுகைகளில் ஏறத்தாழ 36 வீதம் பாதிப்புக்குள்ளானது. இலைகள் மடிந்து வேர்ப்பின்னல் தளர்ந்ததும் சேறு அரிக்கப்பட்டது. நெடுங்காலம் ஒட்சிசன் தீண்டாதிருந்த காபன் நீரோடு கலந்து சிதையத் தொடங்கியது. தொடர்ந்துவந்த மூன்றாண்டுகளில் 2 முதல் 9 மில்லியன் தொன் வரையான காபனீரொட்சைட்டு இவ்வாறு வெளியேறியிருக்கலாம் என 2018 இல் வெளியான ஆய்வு கணித்தது. சேர்வதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது, சிதறத் தொடங்குவதற்கு ஒரு கோடைகாலம் போதுமானதாயிற்று.

வெப்பம் ஒரு காரணம் மட்டுமே. உலகெங்குமுள்ள பதிவுகளைத் தொகுத்து 2009 இல் வெளியான மதிப்பீடொன்று, 1879 முதல் பதிவு செய்யப்பட்ட கடற்புல் பரப்பில் 29 வீதம் மறைந்துவிட்டதாகவும், 1940 இற்கு முன்னர் ஆண்டுக்கு ஒரு வீதத்திலும் குறைவாக இருந்த இழப்பு 1990 இற்குப் பின்னர் 7 வீதமாக உயர்ந்ததாகவும் காட்டியது. கழிவுநீரும் பசளையும் கலந்து நீர் கலங்குதல், துறைமுகங்களுக்காகத் தோண்டுதல், நங்கூரங்கள், கடலடியை உழுது செல்லும் வலைகள் ஆகியனவே பெரும்பாலான இடங்களில் கண்ட காரணங்களாகும்.

எமது கடலில்

இப்பட்டியலை வாசிக்கும்போது எமது கரையோர மக்களுக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைவான ஆழமுடையது. அத்தகைய கடலில் இழுவைமடி வலையின் பாரமான அடிக்கயிறும் பலகைகளும் புல்லை வேரோடு பெயர்த்துச் செல்கின்றன. இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறல் குறித்து வடபகுதிக் கடற்றொழிலாளர் நீண்ட காலமாகக் குரலெழுப்பி வருகின்றனர். அறுபட்ட வலைகளும் குறைந்துபோன பிடிபாடும் பற்றியே அப்போராட்டங்களில் பேசப்பட்டு வந்துள்ளது. வலை அறுந்தால் கடன்பட்டேனும் வாங்கலாம். அடித்தளம் அறுந்தால் அதனை மீட்கப் பல ஆண்டுகள் தேவை.

இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2017 ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தனிநபர் சட்டமூலமாக அதனைக் கொண்டுவந்தவர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன். இச்சட்டம் வெளிநாட்டுப் படகுகளுக்கு மாத்திரம் உரியதன்று. உள்ளூர் இழுவைப் படகுகளையும் அது கட்டுப்படுத்துகின்றது. அயலவரின் மடியைக் குற்றமாகவும் எம்மவரின் மடியைப் பிழைப்பாகவும் பார்த்தால் சட்டம் தனது நியாயத்தை இழந்துவிடும். கிளறப்பட்ட கடலடியிலிருந்து எவ்வளவு காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தைச் சேர்கின்றது என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேரோடு பெயர்க்கப்பட்ட படுகை தன் சேற்றைப் பற்றி வைத்திருக்க இயலாது என்பதில் ஐயமில்லை.

களப்புக்களின் கதை வேறு. புத்தளம் பகுதியில் 1980 களிலிருந்து பரவிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. பண்ணைக் கழிவுநீர் களப்பை அடைந்தது. நோய் தாக்கியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கற்பிட்டிக் குடாநாட்டிலும் யாழ். குடாநாட்டிலும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றுச் செறிவு உயர்ந்திருப்பதை ஆய்வுகள் பல காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளன. மிகையாக இட்ட பசளை மண்ணினூடாகக் கசிந்து களப்பைச் சேரும்போது மிதக்கும் பாசி பெருகி ஒளியை மறைக்கின்றது. கடற்புல் வெட்டுப்படாமலேயே பட்டினியால் மடிகின்றது.

2016 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவில் கண்டல், உவர்ச் சதுப்பு, கடற்புல் மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவ்வொதுக்கிடத்தில் 168 ஹெக்டெயரை விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2024 இல் வெளியானது. இறால் வளர்ப்பு அதன் நோக்கமாகக் கூறப்பட்டது; சுற்றாடல் அமைப்புக்கள் அதற்கெதிராக நீதிமன்றை நாடின. வடக்கின் ஆழமற்ற கடலில் அண்மைக் காலத்தில் பெருகிய கடலட்டைப் பண்ணைகளும் இதேவகையான கேள்வியை எழுப்புகின்றன. கடலட்டை சேற்றை உண்டு கழிப்பது இயற்கையான அளவில் படுகைக்கு நன்மையானது. ஆனால் புல்வெளியில் கம்புகள் நாட்டி வலையடைத்து அடர்த்தியாக வளர்க்கும்போது அதே நன்மை நிலைக்குமா என்பது இடத்துக்கிடம் அளந்து பார்க்க வேண்டியதாகும். 2022 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சிக் கடற்றொழிலாளர் இப்பண்ணைகளுக்கெதிராகத் தொடர் போராட்டம் நடத்தினர். பாரம்பரியமாகத் தாம் தொழில் செய்த இடம் அடைபட்டதே அவர்களது முறைப்பாடு. ஆழமற்ற கடலில் அவர்கள் தொழில் செய்யும் இடம் பெரும்பாலும் கடற்புல் நிலமாக இருப்பது தற்செயலானதன்று. மீன் இருக்கும் இடத்துக்கே மீனவன் செல்கின்றான்.

இக்கரைகளில் வாழ்பவர்கள் தமிழரும் முஸ்லிம்களும். யுத்தமும் 1990 ஆம் ஆண்டின் வெளியேற்றமும் அவர்களைப் பிரித்தும் இடம்பெயர்த்தும் வைத்தன. மன்னாரிலிருந்து புத்தளத்துக்குச் சென்றவர்கள் அங்கும் களப்பையே நம்பி வாழ்ந்தனர். திரும்பி வந்தவர்கள் மீண்டும் அதே மன்னார்க் கடலை நம்பி வந்தனர். கடற்புல் அழிவதால் ஏற்படும் இழப்பு வளிமண்டலத்தின் கணக்கில் பதிவாவதற்கு முன்னரே இவர்களது வலைகளில் பதிவாகிவிடும்.

மீட்க முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலக் கரையோரக் களப்புக்களில் 1930 களில் நோயும் சூறாவளியும் கடற்புல்லை முற்றாக அழித்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர், ஆய்வாளர்களும் தொண்டர்களும் அங்கு விதைகளை நேரடியாகத் தூவத் தொடங்கினர். இருபது ஆண்டுகளில் 70 மில்லியனுக்கும் மேற்பட்ட விதைகள் இடப்பட்டன. 3,600 ஹெக்டெயர் வரையான படுகை மீண்டெழுந்தது. விதைத்து ஏறத்தாழ 12 ஆண்டுகளில் இயற்கையான படுகைகளுக்கு ஒப்பான வேகத்தில் காபன் சேரத் தொடங்கும் என அங்கு நடந்த ஆய்வு கணித்தது. எனினும் பழைய களஞ்சியம் திரும்பவும் நிறைய இன்னும் பல தலைமுறைகள் எடுக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது.

புளோரிடாவின் டம்பா குடாவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. அங்கு பெருமளவில் நடுகை செய்யப்படவில்லை; நகரக் கழிவுநீரிலிருந்து நைதரசன் நீக்கப்பட்டது. நீர் தெளிந்தது, புல் தானாகவே திரும்பியது; 2015 ஆம் ஆண்டளவில் 1950 களின் பரப்பை அது எட்டியது. ஆனால் அதன் பின்னர் அங்கு மீண்டும் இழப்பு ஏற்பட்டிருப்பது, காவல் ஒருநாள் வேலையல்ல என்பதை உணர்த்துகின்றது. ஸ்பெயினின் பலெயாரிக் தீவுகள் 2018 இல் கடற்புல் மீது படகுகள் நங்கூரமிடுவதைச் சட்டத்தால் தடுத்தன. எமக்கு அண்மையில், பாக்கு விரிகுடாவின் மறுகரையில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைத் தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு அக்கோட்டோடு நின்றுவிடாது. இக்கரையிலும் அதற்கு ஒத்த பாதுகாப்பு இல்லையேல் அக்கரையின் முயற்சி அரைகுறையாகவே முடியும்.

காபனுக்கு விலை

கடற்புல்லின் காபனுக்கு இப்போது சந்தையும் உருவாகி வருகின்றது. நாடுகள் தமது வாயு வெளியேற்றக் கணக்கில் கடற்புல்லையும் சேர்ப்பதற்கான வழிகாட்டலை காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2013 இல் வெளியிட்டது. படுகையொன்றை மீட்டெடுத்து, அதில் சேரும் காபனைச் சான்றுப்படுத்தி, தமது வெளியேற்றத்தை ஈடுசெய்ய விரும்பும் நிறுவனங்களுக்கு விற்கலாம் என்பது இதன் அடிப்படை. வறிய கரையோரத்துக்கு அதனால் வருமானம் கிடைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இரு விடயங்களில் விழிப்பு அவசியம். அளக்கப்படாத காபனை விற்பது, விளையாத நெல்லை விற்பதற்கு ஒப்பானது. மேலும், காபனின் பெயரால் கடல் வேலியிடப்பட்டு, சிறு வலையோடும் தோணியோடும் அங்கு தொழில் செய்தவன் அந்நியனாக்கப்பட்டால், அது பாதுகாப்பு என்னும் பெயரில் நடக்கும் இன்னொரு வெளியேற்றமாகவே அமையும். படுகையை அழித்தவன் அவனல்லன்; அதனைக் காப்பதில் அவனைவிட அதிக அக்கறை வேறெவருக்கும் இருக்கவும் முடியாது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. எமது களப்புக்களிலும் ஆழமற்ற கடல்களிலும் எங்கே எந்த இனம் எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதை வரைபடமாக்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள அளக்க வேண்டும். சேற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுத்து, எமது சொந்த எண்களைப் பெற வேண்டும். யாழ்ப்பாணம், றுகுணு, வயம்ப, கிழக்குப் பல்கலைக்கழகங்களும் தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனமும் இதனை ஆற்றக்கூடியவை. பண்ணைகளுக்கு அனுமதி வழங்குமுன் அவ்விடத்தில் கடற்புல் உள்ளதா என்பது கட்டாயமாகப் பார்க்கப்பட வேண்டும். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் எவர் படகு என்று பாராது நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். இவை அனைத்திலும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குக் குரல் இருக்க வேண்டும்.

கண்டல் மரம் கண்ணுக்குத் தெரிகின்றது. அதனை நாட்டும்போது புகைப்படம் எடுக்கலாம். இலங்கையின் கண்டல் மீட்புப் பணிக்கு 2024 இல் ஐக்கிய நாடுகளின் அங்கீகாரமும் கிடைத்தது. கடற்புல் நீருக்கடியில் இருக்கின்றது. அது காக்கும் காபனோ அதற்கும் கீழே சேற்றில் இருக்கின்றது. அங்கு நடைபெறும் அழிவை எவரும் காண்பதில்லை, வலையை வெறுமையாக இழுத்தெடுப்பவனைத் தவிர. உலகுக்கு ஒரு தினத்தைப் பெற்றுக்கொடுத்த நாடு, தனது கடலடியில் உள்ளதைக் கணக்கெடுத்துக் காப்பதையாவது கடமையாகக் கொள்ள வேண்டும்.